புள்ளிக்கோட்டுக் கோபுரம்

அந்த அரசனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அவன் பெயரை இங்கே எழுதப்போவதும் இல்லை. அதை எழுதுவதற்கென்றே அவன் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தான்; அது போதும். சமர்கந்தில் அவன் கட்டவைத்த பெரிய பள்ளிவாசலைத்தான் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் என் கட்டடக்கலை ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தேன். டெல்லியைக் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிய கையோடு, அங்கிருந்து பிடித்துக்கொண்டு போன கல்தச்சர்களையும் யானைகளையும் வைத்து, இதுபோல உலகத்தில் இன்னொன்று இருக்கக்கூடாது என்று கட்டினான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எங்கள் உம்மா சொல்வது இவனைப் போன்றவர்களைத்தான்.

கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என் கோபம் புரியும். நடுவில் பெரிய முற்றம். முற்றத்தின் நான்கு பக்கமும் நான்கு வளைவு மண்டபங்கள்; ஒவ்வொன்றும் மூன்று பக்கம் சுவர் அடைத்து, முற்றத்தைப் பார்த்த பக்கம் மட்டும் வாய் பிளந்து நிற்கும். மேற்கு வளைவுக்குப் பின்னால் தொழுகைக் கூடம், அதன் தலையில் நீலக் குவிமாடம். முற்றத்தின் இரண்டு பக்கவாட்டு மண்டபங்களுக்கும் சிறிய குவிமாடம் ஒவ்வொன்று. இடைப்பட்ட இடமெல்லாம் வரிசை வரிசையாகச் சலவைக்கல் தூண்கள், தூண்களின் மேல் குமிழ் குமிழாகக் கூரை. மூலைக்கு ஒரு மினார். உள்ளே செங்கல், வெளியே நீல ஓடு. சுற்றுலா போய்வந்தவர்கள் எல்லோரும் அந்த நீலத்தைப் பற்றியே பேசுவார்கள்.

நான் பார்த்தது செங்கல்லை. அவ்வளவு அகலமான வளைவை அவ்வளவு உயரத்தில் அவ்வளவு அவசரமாகக் கட்டினால் நிற்குமா? போருக்குப் போயிருந்த அரசன் திரும்பிவந்து பார்த்துவிட்டு, வாசல் உயரம் போதாது என்று இடிக்கச் சொன்னான். மேற்பார்வை பார்த்தவர்களைக் கொன்றான். உயிர்ப்பயத்தில் எழுப்பிய சுவர் அது. முடித்துக் கொஞ்ச காலத்திலேயே விரிசல் விட்டது. தொழுகைக்கு வந்தவர்கள் தலையில் மேலிருந்து செங்கல் விழுந்தது. பிறகு வந்த நிலநடுக்கங்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இதையெல்லாம் விட்டுவிட்டு, கட்டிய கலைஞன் அரசியின் மேல் ஆசைப்பட்டு அவள் கன்னத்தில் முத்தமிட்ட கதையைத்தான் வழிகாட்டிப் புத்தகங்கள் முதலில் சொல்லும். முத்தமாம். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவன் தலையில் செங்கல் விழுந்த கதை ஒருவருக்கும் வேண்டாம்.

என் வேலை, விழுந்துபோனதைக் காகிதத்தில் மறுபடி நிறுத்துவது. அதற்கு எங்கள் துறையில் ஒரு முறை உண்டு. நின்றுகொண்டிருப்பதை, தோண்டி எடுத்ததை, படமோ அளவோ சான்றாக இருப்பதை முழுக்கோட்டில் வரைய வேண்டும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி, இப்படி இருந்திருக்கும் என்று நினைப்பதைப் புள்ளிக்கோட்டில் வரைய வேண்டும். இன்றைய நிலையைக் காட்டும் படமென்றால், விழுந்துபோனதும் புள்ளிக்கோடுதான். பார்க்கிறவனை ஏமாற்றாத முறை. அந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அரசனின் வரலாற்றுக்காரர் அந்தப் பள்ளிக்கு நானூற்று எண்பது தூண் என்று எழுதியிருக்கிறார். கிடைத்த அளவுகளை வைத்து அடுக்கிப் பார்த்தால் சிலருக்கு அந்தக் கணக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. எனக்கு வரவில்லை. பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அது அந்தக் காலத்து எழுத்து முறை. பெருமைக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அதற்காக அவரை நம்பவே முடியாது என்று ஆகிவிடுமா?" என்று கேட்டார். நியாயம்தான் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதே பேராசிரியரிடம் ஒருநாள் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் படத்தைக் காட்டினேன். இராமநாதபுரம் கடற்கரையில், முழுக்கக் கருங்கல்லில் எழுந்த பள்ளி. தூணும் போதிகையும் உத்தரமும் கோயில் மண்டபம் கட்டிய அதே கைகளின் வேலை. "அழகாக இருக்கிறது. ஆனால் இதை ஒரு கலப்பு என்றுதான் வகைப்படுத்த வேண்டும்" என்றார். குவிமாடம் இடிந்து ஆளின் தலையில் விழுந்த கட்டடம் அசலாம். ஒருவர் தலையிலும் ஒரு துகள் விழாமல் இன்றுவரை ஐந்து வேளையும் நிற்கிற எங்கள் பள்ளி கலப்பாம். எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனிதான் சுடும். அன்று சுட்டது. ஆனால் உதவித்தொகை அவர் கையெழுத்தில் இருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

எண்பத்தைந்தாம் வருடக் குளிர்காலத்தில் ஒரு பெண் வழக்கறிஞர் எங்கள் துறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். அகதி விண்ணப்பம் போட்டிருக்கிற ஒருவருக்கு இரண்டாவது விசாரணை இருக்கிறது, தமிழ் தெரிந்தவர் வேண்டும், நீங்கள் வரமுடியுமா என்று கேட்டார். எனக்கு என்ன, இரண்டு மணி நேர வேலை என்று ஒப்புக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

விசாரணைக்கு வந்தவர் மன்னார்க் கடலோரத்து மீனவர். கத்தோலிக்கர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருப்பார். யாரோ கொடுத்த கோட்டுக்குள் தோள் பாதி காலியாக இருந்தது. அலுவலக வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி இந்தியாவோ?"

"ஆமாண்ணே. ராமநாதபுரம் பக்கம்."

"அப்ப பக்கத்து ஆக்கள்தான். கடலுக்குப் போகேக்க உங்கட கரை வெளிச்சம் எங்களுக்குத் தெரியிறது."

அவ்வளவு தூரம் வந்து, இப்படிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி முரட்டு ஆள் இல்லை. தலை சீவி, மேசை துடைத்து, பென்சில்களைச் சீவி அடுக்கிவைத்திருந்தார். இராணுவம் ஊருக்குள் வந்த காலையில் இவரும் இவர் தம்பியும் தேவாலயத்துக்கு ஓடி ஒளிந்தார்கள், தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இவர் அகப்படவில்லை, தம்பி திரும்பவே இல்லை, பிறகு இவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள் என்பது முதல் விசாரணையிலேயே பதிவாகியிருந்தது. அதிகாரி ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி, தேவாலயத்தை வரையச் சொன்னார். இவர் குனிந்து, வலைக்கு முடிச்சுப் போடுகிற கவனத்தோடு வரைந்தார். முகப்பு, மூன்று கதவு, மேலே சிலுவை, இடது பக்கம் ஒரு மணிக்கோபுரம், பக்கத்தில் கிணறு.

"ஒரு கோபுரம்தானா?" என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"ஓம். எங்கட கோயிலுக்கு ஒண்டுதான் கட்டி முடிஞ்சது." அவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

"ஆனால் முதல் விசாரணையில், இரண்டாவது கோபுரத்துக்குள் ஒளிந்திருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள்."

"ஓம். அதுக்குள்ளதான் ஒளிச்சிருந்தனான்."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்கள் சரியாகச் சொல்கிறீர்களா?" என்று என்னைக் கேட்டார். சரியாகத்தான் சொல்கிறேன் என்றேன். முதல் விசாரணையில் மொழிபெயர்த்தவரிடமும் பிழை இல்லை. இவர் சொன்னதே அதுதான். இல்லாத கோபுரத்துக்குள் ஒளிந்திருந்தேன் என்று ஒரு மனிதர், முகத்தில் ஒரு கலக்கமும் இல்லாமல், இரண்டாம் தடவையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க. ரெண்டாவது கோபுரம் எங்க இருக்கு?"

"கோயிலுக்கு வலப்பக்கம், தங்கச்சி. அத்திவாரம் வெட்டிக் கல்லுக் கட்டியாச்சு. வீட்டுக்கு ஒரு கல்லு, நாங்கள் எல்லாரும் எங்கட கையாலதான் வைச்சம். சுவாமியார் வந்து மந்திரிச்சும் ஆச்சு. பிறகு நாடு குழம்பிப்போச்சு, மேல எழுப்ப ஏலாமப் போச்சு. அதுக்காக அது கோபுரம் இல்லையெண்டு ஆகுமோ?"

எனக்கு உடனே புரிந்தது. அஸ்திவாரம் தோண்டி, பக்கங்களில் கல் வைத்துக் கட்டிய ஆள் ஆழக் குழி. குருவானவர் அதைப் புனிதப்படுத்திவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து ஊருக்கு அது கோபுரம். திருநாளில் புனிதரின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அதையும் சுற்றித்தான் வருவார்களாம். பெண்கள் அதன் விளிம்பில் மெழுகுதிரி கொளுத்துவார்களாம். பிள்ளைகள் அதற்குள் இறங்கி விளையாடினால் அடி விழுமாம். அவர்கள் தேவாலயமே ஓலைக் கொட்டிலாக இருந்த நாளிலிருந்து கோயில்தான், சுவர் பிறகு வந்தது. எனக்கு இதில் என்ன புதுமை? எங்களில் ஓர் இடத்தைப் பள்ளிக்கென்று ஒதுக்கித் தொழுதுவிட்டால், சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பள்ளி. நாளைக்குக் கூரை விழுந்தாலும் பள்ளி.

இதை நான் ஜெர்மனில் சொல்லத் தொடங்கினேன். அதிகாரி கையைத் தூக்கினார். "நீங்கள் மொழிபெயர்ப்பாளர். சாட்சி இல்லை. அவரையே கேளுங்கள்: குழியை ஏன் கோபுரம் என்று சொன்னார்?"

கேட்டேன். "வேற என்னெண்டு சொல்லுறது?" என்றார் அவர், நிஜமாகவே விளங்காமல். அதிகாரி அதைத் தட்டச்சு செய்யச் சொன்னார்.

முடிவு சில வாரங்களில் வந்தது. தேவாலயத்தைப் பற்றிய கூற்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஆகவே அங்கே ஒளிந்திருந்ததும் தம்பி கைதானதும் நம்பத்தக்கவை அல்ல, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. எனக்கு அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. நானூற்று எண்பது தூணை எழுதிவைத்தவருக்கு ஐந்நூறு வருடம் கழித்தும் வக்காலத்து வாங்க ஆள் இருக்கிறார்கள். இவர் சொன்ன ஒரே ஒரு கோபுரத்துக்கு ஆளில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஊரில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அங்கேதான் அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

வழக்கறிஞர் மேல்முறையீடு செய்தார். "நீங்கள்தான் கட்டடம் வரைகிறவராயிற்றே. தேவாலயத்தின் வரைபடம் ஒன்றைப் போட்டுத்தாருங்கள், நீதிபதிக்கு இடம் விளங்கட்டும்" என்று கேட்டார். நான் சுருட்டிய தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மீனவர் இருந்த ஹைமுக்குப் போனேன். ஹைம் என்பது அகதிகளை வைத்திருந்த பழைய தொழிலாளர் விடுதி. வெங்காயமும் ஈரச் சுவரும் மணக்கிற பொதுச் சமையலறையில், மேசையைத் துடைத்துவிட்டு வரைந்தோம்.

நீளம் கேட்டால் தன் மீன்பிடி வள்ளத்தின் கணக்கில் சொல்வார். "வாசல்ல இருந்து பீடம் மட்டும் ஒரு நாலு வள்ளம் வைக்கலாம், தங்கச்சி." அவருடைய வள்ளம் எவ்வளவு நீளம் என்று சமையலறையில் நடந்து காட்டினார். இரண்டு சுவருக்கும் இடையில் வள்ளம் அடங்கவில்லை; கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டு, "இங்க மட்டும்" என்றார். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஓர் எத்தியோப்பியப் பெண் காலை மடக்கி வழிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அந்த ஒருநாள்தான்.

பிறகு அவராகவே சொன்னார். "தம்பி பீடத்துக்குப் பின்னால ஒளிச்சவன். நல்ல தடிச்ச சுவர் அண்ணை, இங்க வாங்கோ எண்டு கூப்பிட்டவன். நான் ஓடி வரப் பிந்திப்போச்சு, வெளியில கோபுரக் கிடங்குக்குள்ள குதிச்சிட்டன். சுவருக்குள்ள இருந்தவனைக் கொண்டு போயிட்டாங்கள். கிடங்குக்குள்ள இருந்தவன் இந்தா கதைச்சுக்கொண்டிருக்கிறன்."

நான் அடுத்த கோட்டைப் போட்டேன். சான்றாக அவரிடம் இருந்தது ஒரு கல்யாணப் படம். மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் தேவாலயத்தின் முன் நிற்கிறார்கள். பின்னால் முகப்பு, கதவு, மணிக்கோபுரம் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வலப்பக்கம் படம் முடிந்துவிடுகிறது. கல்யாணப் படத்தில் குழியை யார் எடுப்பார்கள்? ஆகவே படத்தில் இருந்ததை எல்லாம் முழுக்கோட்டில் போட்டேன். இரண்டாவது கோபுரத்துக்கு அவர் வாய்ச்சொல் மட்டும்தான். அதைப் புள்ளிக்கோட்டில் போட்டேன்.

"இது மட்டும் ஏன் தங்கச்சி புள்ளி புள்ளியா இருக்கு?"

முறையைச் சொன்னேன். படம் இருந்தால் முழுக்கோடு, இல்லாவிட்டால் புள்ளிக்கோடு.

"நான் பாத்தனான்தானே," என்றார்.

"நீங்க பார்த்தது எனக்குத் தெரியும்ணே. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. ஒழுங்கா வரைஞ்சாத்தான் கோர்ட்டுல மதிப்பாங்க."

அவர் விரலால் அந்தப் புள்ளிகளை ஒருதரம் சுற்றித் தடவிவிட்டு, "சரி, நீங்கள் படிச்ச ஆக்கள்" என்றார். பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

வழக்கு நாளில் நீதிபதி என் வரைபடத்தைக் கையில் எடுத்தார். நல்ல வேலை என்று பாராட்டவும் செய்தார். பிறகு புள்ளிக்கோட்டில் பேனாவை வைத்து, இது ஏன் இப்படி என்று என்னிடம் கேட்டார். நான் எழுந்து நின்று, எங்கள் துறையின் முறையைப் பெருமையோடு விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "ஆக, வரைந்த நீங்களே இதை உறுதிப்படுத்தப்பட்டதாகக் கருதவில்லை," என்றார். அது அப்படியில்லை என்று ஆரம்பித்தேன். என்னை உட்காரச் சொன்னார்கள். தீர்ப்பில் அது ஒரு தனிப் பத்தியாகவே வந்தது: விண்ணப்பதாரர் தரப்பில் கொடுக்கப்பட்ட வரைபடமே அந்த அமைப்பை ஊகமாகத்தான் காட்டுகிறது.

நான் பொய் கோடு போடவில்லை. இன்றைக்கு மறுபடி வரையச் சொன்னாலும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அப்படித்தான் வரைவேன். ஒழுங்காக வரைந்ததை ஒழுங்காக வரைந்ததற்காகவே ஒரு மனிதரின் கழுத்தில் சுருக்காக மாட்டியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அவரை உடனே விமானத்தில் ஏற்றிவிடவில்லை. டுல்டுங் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். சகித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். இரு என்றும் இல்லை, போ என்றும் இல்லை, சில மாதத்துக்கு ஒருமுறை போய் நீட்டித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளை வைத்து மனைவியைக் கூப்பிட முடியாது, மாவட்டத்தின் எல்லையைத் தாண்ட முடியாது. அவர் சொன்னதை நம்புகிறோம் என்று ஓர் அலுவலகமாவது எழுதிக்கொடுத்தால்தான் அந்த நிலை மாறும்.

அந்தச் சமயத்தில்தான் பிராங்க்பர்ட்டில் மத்திய ஆசியக் கட்டடங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வந்தது. சமர்கந்துப் பள்ளியின் பெரிய வரைபடம், ஒரு சுவர் அகலத்துக்கு, என் பொறுப்பு. நான் முறைப்படியே வரைந்து கொடுத்தேன். இன்றும் நிற்கிற வாசல் மிச்சமும் சுவர் மிச்சமும் முழுக்கோடு. தூண் காடு, மினார்களின் உச்சி, பெரிய குவிமாடத்தின் மேல்பாதி எல்லாம் புள்ளிக்கோடு. தள்ளி நின்று பார்த்தால் பாதிப் பள்ளி காற்றில் இருந்தது. உள்ளது அதுதான்.

பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இது ஆய்வுக் கட்டுரைக்குச் சரி. பொதுமக்கள் பார்க்க வருகிறார்கள். புள்ளிக்கோடு அவர்களுக்குப் புரியாது. முழுக்கோடாக மாற்றிவிடுங்கள். நான்கு மினாரும் முழுசாக நிற்க வேண்டும்."

"அந்த மினார்களை முழுசாக இப்போது இருக்கிற யாரும் பார்த்ததில்லை," என்றேன்.

"வரலாற்றுக்காரர் எழுதியிருக்கிறாரே."

மூக்கு நுனி சுட்டது. இந்தத் தடவை உதவித்தொகை நினைவுக்கு வரவில்லை. "அப்படியென்றால் சம்பளம் வாங்கி எழுதினவன் வாய் முழுக்கோடு, தம்பியைப் பறிகொடுத்த மன்னார்க்காரர் வாய் புள்ளிக்கோடா?" என்று கேட்டேன். குரல் எகிறிவிட்டது, பக்கத்து அறைக் கதவு திறந்தது.

"எந்த மன்னார்க்காரர்?" என்றார் பேராசிரியர்.

அவருக்கு எங்கிருந்து தெரியும்? விளக்க எனக்கும் பொறுமை இல்லை. மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறொரு உதவியாளர் உட்கார்ந்து எல்லாப் புள்ளிகளையும் மையால் இணைத்துவிட்டார். கண்காட்சியில் நான்கு மினாரும் குண்டூசி போலக் கூர்மையாக நின்றன. ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். படத்தின் கீழே என் பெயர் வேண்டாம் என்று எடுக்கவைத்தேன். அடுத்த வருடம் என் உதவித்தொகையை நீட்டிக்கவில்லை. ஒரு கட்டட அலுவலகத்தில் கழிப்பறைகளும் மாடிப்படிகளும் வரையப் போனேன். அங்கே புள்ளிக்கோட்டுக்கு வேலை இல்லை.

கண்காட்சியைப் பற்றி மன்னார்க்காரரிடம் சொன்னபோது பார்க்க வேண்டும் என்றார். பிராங்க்பர்ட் அவருடைய மாவட்டத்துக்கு வெளியே. அனுமதி கேட்டுப் போனோம். கண்காட்சி பார்ப்பது அவசியத் தேவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த அரசனும் ஆற்றங்கரையில் காவல் போட்டிருந்தான். சமர்கந்துப் பக்கம் வருகிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கிருந்து வெளியே போகிறவன் மட்டும் அனுமதிச் சீட்டுக் காட்ட வேண்டும். பிடித்துக்கொண்டு போன கைகள் திரும்பி ஓடிவிடக்கூடாதே. இதை நான் சொன்னபோது அவர், "அவன் வேலையாவது குடுத்தான்," என்றார். இவரை வேலை செய்யவும் விடவில்லை.

அதன் பிறகு ஒரு கோடையில் அவர் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு படம். அவர்கள் ஊர்ச் சுவாமியார் எடுத்து, யார் யார் கையிலோ மாறி வந்த படம். ஷெல் அடித்ததில் தேவாலயத்தின் கூரை போய்விட்டது. மணிக்கோபுரம் அடியோடு விழுந்து கற்குவியலாகக் கிடந்தது. வலப்பக்கம், இந்தத் தடவை படத்துக்குள்ளேயே, நாலு பக்கமும் கல் வைத்துக் கட்டிய குழி. சிராய்ப்புக்கூட இல்லை. அதற்குள்ளிருந்து பெண்களும் பிள்ளைகளும் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விமானச் சத்தம் கேட்டா இப்ப ஊரே அதுக்குள்ளதானாம், தங்கச்சி," என்றார். படத்தில் ஒரு தலையைத் தொட்டார். "இது என்ரை மனுசி."

நான் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீதிமன்றம் இல்லையென்று தீர்ப்பு எழுதிய இடத்தில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கள் வரைஞ்ச பழைய படம் இருக்கோ?" என்று கேட்டார். "அதை எடுத்துத் திருத்துங்கோ. உங்கட முறைப்படியே செய்யுங்கோ."

அன்று சாயங்காலமே புதுத் தாளில், தேவாலயத்தின் இப்போதைய நிலையை வரைந்தேன். கூரை விழுந்ததால் அதைப் புள்ளிக்கோடாக்கினேன். மணிக்கோபுரம் விழுந்ததால் அதையும் புள்ளிக்கோடாக்கினேன். வலப்பக்கத்துக் குழிக்கு மட்டும், பேனாவை அழுத்திப் பிடித்து, தடித்த முழுக்கோடு போட்டேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோடு மூடியதும் சிலுவை போட்டுக்கொண்டார்.

படத்தையும் வரைபடத்தையும் வைத்து வழக்கறிஞர் புதிய விண்ணப்பம் போட்டார். இனி எந்த வாயால் மறுப்பார்கள் என்று நானே மன்னார்க்காரருக்குத் தைரியம் சொன்னேன். பதில் வந்த அன்று அவர் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து தந்தார். படத்தில் இருப்பது எந்த ஊர் என்று நிறுவப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: தற்போது தரப்பட்டுள்ள வரைபடம், விண்ணப்பதாரர் தரப்பு முன்பு தந்த வரைபடத்துடன் முரண்படுகிறது.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவர் படத்தை மட்டும் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"அப்ப விழுந்தது பிழை," என்றார். "நாங்கள் உண்மை சொல்லுறம் எண்டால் எங்கட கோயில் விழாம நிண்டிருக்க வேணும்."